செம்பருத்தியில் பருத்தி எங்கே?

தங்கை மகள் நான்காம் வகுப்புப் படிக்கிறாள். சூலூரில் எங்கள் வீட்டு வேலியோரம் நிற்கும் செம்பருத்தியில் பிள்ளையாருக்குப் பூப் பறித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்: “இதுக்குப் பேரு செம்பருத்தின்னா, இதுல பஞ்சு எங்கீங்க மாமா?”

நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தச் செடியைப் பார்த்து வருகிறேன். பருத்திக் காட்டுக்கும் பஞ்சாலைச் சங்குக்கும் நடுவில் வளர்ந்தவன். ஒரு தடவையாவது எனக்கு இந்தக் கேள்வி வந்திருக்க வேண்டும், வரவில்லை. பெயர் பழகிப்போனால் காது அதைப் பிரித்துக் கேட்பதில்லை. “ஞாயித்துக்கிழமை சொல்றேன் கண்ணு” என்று வாய்தா வாங்கினேன்.

அந்த ஞாயிறு திண்ணையில் மூன்று பூக்களை வரிசையாக வைத்தோம். வேலியில் பறித்த ஒற்றையடுக்குச் செம்பருத்தி ஒன்று, தெரிந்தவர் தோட்டத்திலிருந்து காலையிலேயே வாங்கிவந்த பருத்திப்பூ ஒன்று, கொல்லையில் பூத்திருந்த வெண்டைப்பூ ஒன்று. பிளேடால் மூன்றையும் காம்பிலிருந்து நுனிவரை நெடுக்காகப் பிளந்தோம். நிறத்தை மறந்துவிட்டுப் பார்த்தால் மூன்றும் உடன்பிறந்தவை. ஐந்து இதழ்கள், ஒன்றின் ஓரம் அடுத்ததன் மேல் ஏறி, மொட்டில் திரிபோல முறுக்கிக்கொண்டிருந்தவை. பெரும்பாலான பூக்களில் மகரந்தத் தாள்கள் தனித்தனியாக நிற்கும். இம்மூன்றிலும் அவை அத்தனையும் அடியில் ஒட்டி ஒரே குழலாகிவிடுகின்றன. அந்தக் குழலுக்குள் சூல்தண்டு, ஊசிக் காதில் நூல் கோத்தது போல நுழைந்து மேலே வருகிறது. குழலைச் சுற்றி மஞ்சள் மணிகளாக மகரந்தப் பைகள். பச்சைப் புல்லிக்கு வெளியே இன்னொரு வட்டம் சின்னப் புல்லி உண்டு: பருத்தியில் ‘சப்பை’ என்று காட்டுக்காரர்கள் சொல்லும் இளமொட்டை மூடியிருக்கும் மூன்று பல்விளிம்பு இலைகள், செம்பருத்தியிலும் வெண்டையிலும் மெல்லிய குச்சிகள்.

வேறுபாடும் இருக்கிறது. பருத்தியின் குழல் குட்டை, இதழ்க் கிண்ணத்துக்குள்ளேயே அடங்கிவிடும். செம்பருத்தியின் குழல் இதழைத் தாண்டி வெளியே நீண்டு, நுனியில் ஐந்து சிவந்த பொட்டுகளோடு ஆடும். பருத்திப்பூ முதல்நாள் வெளிர்மஞ்சளாக விரிந்து மறுநாள் சிவந்து வாடும். காட்டில் ஒரே செடியில் மஞ்சள் பூவும் சிவந்த பூவும் சேர்ந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு, வேலியில் முதல் பொழுதிலேயே சிவப்பாக விரியும் பூவுக்கு என்ன பெயர் வைப்பது என்று யோசிக்க அதிக நேரம் பிடித்திருக்காது. செம்மை, பருத்தி. செம்பருத்தி.

ஆக, பெயர் வைத்தவர் பார்த்தது பூவை. இது நானாகச் சொல்லும் ஊகமல்ல; தமிழே இன்னொரு பெயரால் இதற்குச் சான்று தருகிறது. வேலிப்பருத்தி என்று ஒரு கொடி, உத்தாமணி என்றும் சொல்வோம். எருக்கஞ்செடியின் இனம், ஒடித்தால் பால் வடியும். பூ பருத்திப்பூவின் சாயலே இல்லாதது. ஆனால் காய் வெடித்தால் விதையோடு வெண்பஞ்சு பறக்கும். அங்கே பஞ்சைப் பார்த்துப் பருத்தி என்றார்கள். செம்பருத்தியில் பஞ்சும் இல்லை, நம் வீட்டு வேலிகளில் அது காய்ப்பதுகூட அபூர்வம். எனவே ஒப்புமை பூவில்தான் இருந்தாக வேண்டும். பஞ்சால் ஒன்று, பூவால் ஒன்று என்று இரண்டு வழியிலும் பருத்தி பெயர் கொடுத்திருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த செடி எதுவோ அதுதானே மற்றதற்கு அளவுகோல் ஆகும்!

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. யாழ்ப்பாணத்தார் இப்பூவைச் செவ்வரத்தை என்பார்கள், செவ்வரத்தம்பூ என்பார்கள். நம் பக்கத்திலும் பேச்சில் செம்பரத்தை, செம்பரத்தம்பூ என்று கேட்கிறோம். அரத்தம் என்றால் பழந்தமிழில் சிவப்பு, குருதி. ரக்தம் என்ற வடசொல்லின் தமிழ் உரு. அப்படியானால் பெயரில் இருப்பது அரத்தமா, பருத்தியா? (நாட்டு மருந்துக் கடையின் சிற்றரத்தை, பேரரத்தை இதில் சேராது. அவை இஞ்சிக் குடும்பத்துக் கிழங்குகள்.)

புணர்ச்சி விதியை வைத்து உரசிப் பார்க்கலாம். செம்மைக்குப் பின்னால் உயிரெழுத்து வந்தால் வகரம் பிறக்கும்: செவ்வரளி, செவ்வாம்பல், செவ்விளநீர். பகரம் வந்தால் மகரம் வந்து நிற்கும்: செம்பொன், செம்பவளம், செம்பருந்து. அரத்தத்தோடு சேர்ந்தால் ‘செவ்வரத்தம்’ ஆகுமே தவிர ‘செம்பரத்தம்’ ஆகாது. நம் சொல்லில் நடுவே நிற்கும் ‘ப’ எங்கிருந்து வந்தது? பருத்தியைத் தவிர அதற்கு வேறு பிறப்பிடம் இல்லை. எனவே செம்பரத்தை என்பது செம்பருத்தி நாவில் தேய்ந்த வடிவம். ஈழத்துச் செவ்வரத்தை, அரத்தம் என்ற சொல்லின் ஈர்ப்பில் அந்தத் தேய்ந்த வடிவத்துக்குப் புதுப்பொருள் கொடுத்துக்கொண்டது, அல்லது தனியாகவே பிறந்த பெயர். இரண்டில் முதலாவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. எப்படியானாலும் நம் ஊர்ப் பெயருக்குள் பருத்தி இருக்கிறது.

எழுத்துச் சான்றுக்குப் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்ட வேண்டும். கோவையிலிருந்து மேற்கே ஒரு மணி நேரப் பயணம்; அந்தக் காற்று வரும் வழியே சொற்களும் போய் வந்திருக்கின்றன. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த ஹென்றிக் வான் ரீடு, மலபார்ச் செடிகளையெல்லாம் படம் வரைந்து தொகுத்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்ற பெரும் நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. செடிகளின் பெயரையும் பயனையும் சொல்லிக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். 1679இல் வந்த இரண்டாம் தொகுதியில் நம் பூ ‘ஷெம் பரித்தி’ என்ற பெயரோடு இருக்கிறது. டச்சுக்காரர் காதில் விழுந்தபடி எழுதிய ‘பரித்தி’, பருத்தியேதான். ஏனென்றால் அதே நூலில் பருத்திச் செடிக்கும் ‘பரித்தி’ என்று முடியும் பெயர்தான்.

அது மட்டுமா? பூவரசுக்கு அங்கே ‘பூப்பரித்தி’ என்று பெயர். கழிமுகங்களில் வளரும் நீர்ப்பருத்திக்குத் ‘தாளிப்பரித்தி’. பருத்தி, செம்பருத்தி, பூவரசு, நீர்ப்பருத்தி: இன்றைய தாவரவியலில் இந்த நான்கும் ‘மால்வேசி’ என்ற ஒரே குடும்பம். பிரெஞ்சுக்காரர் ஜுஸ்ஸியூ அந்தக் குடும்பத்தை வகுத்து அச்சேற்றியது 1789இல். அதற்கு 110 ஆண்டுகளுக்கு முன்பே, பல்கலைக்கழகம் எதையும் பார்க்காத வைத்தியரும் உழவரும் இந்த நான்கையும் ‘பருத்தி’ என்ற ஒரே குலப்பெயரில் கட்டி வைத்திருந்தார்கள். அவர்கள் கண் எவ்வளவு கூர்மை! இந்த இடத்தில் எனக்கு உண்மையிலேயே மயிர்க்கூச்செறிகிறது.

தாளிப்பரித்தியின் கதை இன்னும் ஒரு படி மேலே போகிறது. அமெரிக்கத் தாவரவியலாளர் பால் ஃபிரிக்செல் வாழ்நாளெல்லாம் பருத்தி இனங்களை ஆராய்ந்தவர். 2001இல் அவர் நீர்ப்பருத்தியையும் அதன் உறவுகளையும் ஹைபிஸ்கஸிலிருந்து பிரித்துத் தனிப் பேரினம் ஆக்கியபோது வைத்த பெயர் ‘தாலிபரிதி’. ரீடு எழுதி வைத்த மலையாளப் பெயர், எழுத்துமாறாமல் அறிவியலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. தாளி என்றால் தலைக்குத் தேய்க்கும் கொழகொழப்பு. கேரளத்தில் இன்றும் செம்பருத்தி இலையைக் கசக்கித் தாளி எடுக்கிறார்கள்.

அதே வேலையை எங்கள் அமுச்சியும் (பாட்டி) செய்தார். தாளி என்ற சொல் அவருக்குத் தெரியாது. எண்ணெய்க் குளியல் நாளில் ஏழெட்டு இலையைப் பறித்து, கல்லில் வைத்து, தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கசக்குவார். பச்சையாக, வெண்டைக்காய் நறுக்கிய கத்திபோல வழவழவென்று இழுக்கும். துணியில் வடித்து அரப்புத் தூளோடு குழைப்பார். அரப்பு என்றால் உசிலை இலையை உலர்த்தி இடித்த தூள். கொங்கு நாட்டில் சீயக்காய்க்குச் சமமான இடம் அதற்கு. வெறும் அரப்பு தலையை வறட்டும், செம்பருத்தி இலை சேர்ந்தால் சீப்பு சிக்காமல் இறங்கும். பூவுக்கு வேறு வேலை. இதழை நிழலில் ஒருநாள் வாடவிட்டுக் காங்கேயத்துத் தேங்காய் எண்ணெயில் சிறுதீயில் காய்ச்சுவார். ஈரத்தோடு போட்டால் எண்ணெய் நாலே நாளில் சிக்கு வாடை அடிக்கும். “சடசடன்னு சத்தம் வர்ற வரைக்கும் தண்ணி இருக்குதுன்னு அர்த்தம். சத்தம் அடங்குச்சுன்னா எறக்கிப்போடு கண்ணு” என்பார். இன்றுவரை எண்ணெய் காய்ச்ச எனக்குத் தெரிந்த ஒரே அளவு அதுதான்.

சரி, இந்தப் பூ எப்போது வந்தது? குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் 99 பூக்களில் பருத்திப்பூ உண்டு, ‘பாரம்’ என்ற பெயரில். செம்பருத்தி இல்லை. இன்று நாம் வேலியில் வளர்க்கும் இனம் எந்தக் காட்டிலும் தானாக வளர்ந்து கண்டதில்லை. கிழக்கே எங்கோ தோட்டங்களில் மனிதர் கைபட்டு உருவாகி ஊர் ஊராக நடந்தது. 1753இல் லின்னேயஸ் அதற்கு வைத்த பெயரின் பொருளே ‘சீனத்து ரோஜா’. ஹைபிஸ்கஸ் என்ற முதற்பகுதி பழைய கிரேக்கச் சொல். கிரேக்கர் அதனால் குறித்தது ஐரோப்பியச் சதுப்புகளில் வளரும் வேறொரு செடியை. சீனமும் கிரேக்கமும் சேர்ந்த அந்தப் பெயரில், ரோஜா என்ற ஒப்புமையைத் தவிர, செடியின் உருவத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

செம்பருத்தி என்ற பெயரோ பூ வருவதற்கு முன்பே தமிழில் இருந்திருக்கலாம் என்று எண்ண இடமிருக்கிறது. சிவப்புப் பூப் பூக்கும் மரப்பருத்தி ஒன்று உண்டு. பல ஆண்டு நின்று காய்க்கும், கோயில் நந்தவனங்களில் வைப்பார்கள், பூணூலுக்குப் பஞ்சு எடுப்பார்கள். பழைய அகராதிகள் செம்பருத்தி என்ற சொல்லுக்கு அந்தச் செடியையும் பொருளாகத் தருகின்றன. அதாவது, உண்மையிலேயே பஞ்சு தரும் ஒரு செம்பருத்தி இருந்தது! வேலிக்கு வந்த புது விருந்தாளியின் பூ அதைவிடப் பெரிதாக, அதைவிடச் சிவப்பாக இருந்தது. பெயர் கைமாறியது. பழைய உரிமையாளரை நாம் மறந்துவிட்டோம். தங்கை மகள் கேட்ட கேள்விக்கு இதுதான் நேரடியான பதில் என்றுகூடச் சொல்லலாம்.

மற்ற ஊர்களில் இப்பூ வேறு வழிகளில் பெயர் வாங்கியது. வடமொழியில் ஜபா. நவக்கிரகத் துதியில் சூரியனின் நிறத்துக்கு உவமையாவது இதுதான். வங்காளத்தில் அதுவே ஜோபா, காளிக்கு உகந்தது. கன்னடத்தில் தாசவாளம். தெலுங்கில் மந்தாரம். கோவையில் இந்த மூன்று மொழியும் ஒரே தெருவில் கேட்கும். ஆகவே ஒரு குழப்பமும் உண்டு. தெலுங்கு பேசும் வீட்டில் மந்தாரம் என்றால் செம்பருத்தி. நமக்கு மந்தாரை என்றால் மாட்டுக்குளம்பு போல இரட்டை மடலாகப் பிளந்த இலையுடைய மரம். அந்த இலையைத் தைத்துத்தான் கல்யாணப் பந்தியில் சோறு போட்டார்கள்.

இன்னொரு பெயர் சப்பாத்துப்பூ. சப்பாத்து போர்த்துக்கீசியச் சொல், காலணி. சிவந்த இதழைக் கசக்கித் தேய்த்தால் தோல் கறுத்து மினுங்கும். துரைமார் வீட்டு வேலையாட்கள் பூட்சுக்குப் பாலிஷாக அதைத் தேய்த்தார்கள். போர்த்துக்கீசியர் கால் வைத்த கரைகள் சிலவற்றில் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சிங்களத்தில் சப்பத்து மல், இந்தோனேசியாவில் கெம்பாங் செப்பாத்து. பக்கத்து மலேசியா இதையே புங்கா ராயா என்று அழைத்து 1960இல் தேசிய மலராக்கியது. அங்குள்ள தமிழர் நாணயத்திலும் நோட்டிலும் அந்தப் பூவைப் பார்த்துச் செம்பருத்தி என்றே சொல்கிறார்கள். ஒரு நாடு தலையில் சூடிய பூவை இன்னொரு கரையில் காலணி துடைக்கும் பூ என்றே அழைத்ததை நினைத்தால் மனம் கசக்கிறது. நம் பெயர் அந்த இழிவைச் சுமக்கவில்லை என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

பெயருக்குள் இருக்கும் உறவு வெறும் ஏட்டு உறவல்ல என்பதை 2008இல் கோவை கண்கூடாகப் பார்த்தது. மெக்சிகோ பக்கத்துப் பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது அந்த ஆண்டு ஜூலையில், இதே கோவையில். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று அழித்துக்கொண்டு ஈரோடு, திருப்பூர், சேலம் என்று பரவியது. பருத்தியில் ஏறியது. வேலிச் செம்பருத்தியிலும் ஏறியது. எங்கள் செடியின் கொழுந்தெல்லாம் வெள்ளை வெளேரென்று பஞ்சு ஒட்டவைத்தது போல மூடி, இலை சுருண்டு, மொட்டு உதிர்ந்தது. மருந்தடித்துப் பயனில்லை, மாவு போன்ற மெழுகு மருந்தை உள்ளே விடாது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மிகச்சிறிய ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து, பெங்களூரு ஆய்வு நிறுவனமும் நம் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பெருக்கி விட்டன. அந்தக் குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு உள்ளிருந்தே தின்றது. சில மாதங்களில் எங்கள் செடி மறுபடி துளிர்த்தது. பருத்தியைத் தேடிவரும் செம்பூச்சியும் செம்பருத்தியை விடுவதில்லை. பூச்சிகளுக்குப் பெயர் தெரியாது, குலம் தெரியும்.

பருத்தியின் நிலைமைதான் இப்போது வருத்தம் தருகிறது. 1888இல் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் தொடங்கிய முதல் பஞ்சாலை, 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் வரிசையாக எழுந்த ஆலைகள், வேளாண் கல்லூரியிலிருந்து 1968இல் வந்த எம்.சி.யு. 5 ரகம், கோவைப் பருத்தி நிலையத்திலிருந்து 1974இல் வந்த சுவின் ரகம் என்று இந்த ஊரின் வரலாற்றையே பருத்தியை வைத்து எழுதிவிடலாம். சுவின் நாட்டின் மிக நீளமான இழைப் பருத்தி. அவிநாசியிலும் மூலனூரிலும் பருத்தி ஏலம் இன்றும் நடக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்தில் பருத்திக் காடு தென்னந்தோப்பாயிற்று, தோப்பு மனைப்பிரிவாயிற்று. என் சிறுவயதில் அடுப்புக்குப் பருத்திமாரும் மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் இல்லாத வீடு கிடையாது. தங்கை மகள் அந்த ஞாயிறு வரை பருத்திப்பூவைப் பார்த்ததே இல்லை. அவள் தினமும் வாயால் சொல்லும் ஒரே பருத்தி, செம்பருத்திதான்.

அந்த ஒன்றும் தேய்கிறது. ஷாம்பு உறையில் ‘ஹைபிஸ்கஸ்’. நர்சரிப் பலகையில் ‘ஹைபிஸ்கஸ் மிக்ஸ்’. சில கடைகளில் ‘செம்பரத்தி’ என்று பருத்தியின் காலை ஒடித்து எழுதியிருக்கிறார்கள். பூ மார்க்கெட்டிலும் இந்தப் பூ இல்லாததால் பெயரைக் கூவி விற்பாரும் இல்லை. சத்தியமங்கலத்து மல்லிகைபோல முழம் போட முடியாது; காலையில் விரிந்தால் மாலையில் சுருங்கிவிடும். செடியில் இருந்தாலும் தட்டில் இருந்தாலும் அதன் ஆயுள் ஒரு பகல். ஆகவே வீட்டில் வளர்த்தால்தான் பூவும் இருக்கும், பெயரும் இருக்கும்.

வளர்ப்பது சிரமமே இல்லை. பென்சில் கனத்தில் முற்றிய குச்சி ஒன்று, ஒரு சாண் நீளம், கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டியது. கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு மணல் கலந்த மண்ணில் பாதி புதையும்படி ஊன்றி, வேர் பிடிக்கும்வரை நிழலில் வையுங்கள். ஐப்பசி மழை ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும். பிறகு நல்ல வெயிலான இடத்துக்கு மாற்றுங்கள். நிழலில் இலைதான் தழைக்கும், பூ வராது. புதுக்கிளையில்தான் மொட்டு வைக்கும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை துணிந்து கவாத்து செய்யுங்கள். அடுக்குச் செம்பருத்தி அழகுதான், ஆனால் அதில் மகரந்தத் தாள்களே இதழாக மாறிக் குழல் மறைந்துபோயிருக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஒற்றையடுக்கையே வையுங்கள். பக்கத்தில் ஒரு தொட்டியில் இரண்டு பருத்தி விதையும் ஊன்றுங்கள். இரண்டும் பூத்த காலையில் பிள்ளையைக் கூப்பிட்டு, இரண்டையும் பிளந்து அருகருகே வைத்து, பேரைச் சொல்லச் சொல்லுங்கள்.